இரட்டைச் சடை ரவி

எங்கள் தாமான் குடியிருப்பில் ரவிச்சந்திரன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘இரட்டைச் சடை ரவி’ என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட வாசல்வரை கொண்டுபோய் விடும். ஆள் நல்ல உயரம், முறுக்கு மீசை. மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி ஓட்டுகிறார். இந்தப் பட்டப்பெயர் வந்த கதையை நான் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. தாமே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பார்.

ரவிக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தவள் சாந்தினி, பின்னாலேயே வந்தவன் யோகேந்திரன். சுங்கைப் பட்டாணியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. போன வருடம் இருவருக்கும் ஒன்றாக டிங்கிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். அவர்கள் அம்மா ஷீலா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, “முருகா, ரெண்டு பேரும் எழுந்து நடந்தா தைப்பூசத்துக்கு ரெண்டு பேருக்கும் மொட்டை போடுறேன்” என்று வேண்டிக்கொண்டார். பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே சண்டையும் போட்டார்கள். தைப்பூசம்வரை இரண்டு தலையிலும் கத்தரிக்கோல் படக்கூடாது என்று ஷீலா உத்தரவு போட்டுவிட்டார்.

முருகனுக்கு இரண்டு தலையும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கு அப்படி இல்லை. பெண் பிள்ளையின் முடி எவ்வளவு நீளமும் இருக்கலாம், ஆனால் தோளைத் தொட்டால் இரட்டைச் சடை பின்னிக் கறுப்பு ரிப்பன் கட்டவேண்டும். ஆண் பிள்ளையின் முடி சட்டைக் காலரைத் தொடவே கூடாது. பையன் முகத்தைக் கழுவி, சட்டையையும் காற்சட்டையையும் மாட்டினால் தயார். பெண்ணுக்கோ வெள்ளைச் சட்டை, அதன்மேல் பினஃபோர் கவுன், இடுப்பில் பட்டை, அப்புறம் சடை. இந்த விதிகளை எழுதியவர்களில் ஒருவர்கூட விடிகாலையில் ஒரு பெண் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டிருக்க மாட்டார் என்பது என் முடிவான கருத்து.

ஷீலா இருட்டோடு ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவதால் அந்த வேலை ரவியின் தலையில் விழுந்தது. குலை ரோட்டில் உருளாமல் வலை போட்டு இறுக்கிக் கட்டிப் பழகிய கை. முதல் நாள் சாந்தினியின் சடையிலும் அதே முடிச்சைப் போட்டு அனுப்பிவைத்தார். சாயங்காலம் ஷீலா அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் ரிப்பனையே வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. “நான் என்ன செம்பனையாப்பா?” என்று சாந்தினி அழுதாள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் பின்னிப் பின்னிப் பழகி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

வம்பு யோகேந்திரன் தலையில்தான் வந்தது. தைப்பூசம் நெருங்க நெருங்க அவன் முடி காலரைத் தாண்டி இறங்கியது. கட்டொழுங்கு ஆசிரியர் குணாளன் நல்ல மனிதர், ஆனால் விதி என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் வெயிலில் நிற்க வைப்பார். திங்கட்கிழமைக்குள் வெட்டாவிட்டால் தானே வெட்டிவிடுவதாகச் சொல்லியனுப்பினார். அடித்துப் பிடித்துக்கொண்டு ரவி பள்ளிக்கு ஓடினார்.

“நேத்திக்கடன் சார். தைப்பூசம் வரைக்கும்தான் லா.”

“நேத்திக்கடனை நான் தப்பு சொல்லலைங்க. ஆனா பையன் முடி காலர்ல படக்கூடாது. இவன விட்டா நாளைக்கு எல்லாப் பயலும் வேண்டுதல்னு வந்து நிப்பான்.”

“அப்ப பொண்ணு?”

“அதுக்கென்ன, பொம்பளப் பிள்ளை. நீட்டு முடின்னா ரெட்டைச் சடை, கறுப்பு ரிப்பன். அது சரியாத்தானே வருது.”

ரவி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். திங்கட்கிழமை காலையில் சாந்தினிக்குப் பின்னி முடித்த கையோடு யோகேந்திரனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“பா, வேணாம்பா. கூட்டாளிங்க சிரிப்பானுங்க!”

“வெட்டுனா உங்கம்மா அழுவா. சிரிச்சா பரவால்ல. உக்காரு.”

ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைத்த மாதிரி இரண்டு குட்டிச் சடை, நுனியில் கறுப்பு ரிப்பன். பள்ளி முழுக்க வரிசையில் நிற்கும் காலைச் சபைகூடலில் சிரிப்பு அடங்கவே இல்லையாம். குணாளன் சார் முகம் சிவக்க, “என்னடா இது கோலம்?” என்றார்.

“நீட்டு முடின்னா ரெட்டைச் சடை, கறுப்பு ரிப்பன்னு நீங்கதான் அப்பாகிட்ட சொன்னீங்களாம் சார்.”

தலைமையாசிரியர் பரஞ்சோதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியதைப் பள்ளியே பார்த்தது. தைப்பூசம்வரை பையன் தலையை யாரும் தொடவேண்டாம், தயவுசெய்து சடையை மட்டும் அவிழ்த்துவிடுங்கள் என்று தீர்ப்பாயிற்று. ஜைனல் பாய் டீக்கடையில் தே தாரிக் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ரவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பட்டப்பெயர் வைத்தவர் ஜைனல் பாய்தான்.

தைப்பூசத்தன்று கோயில் பக்கத்தில் மொட்டை போடும் கொட்டகையில் யோகேந்திரன் முதலில் உட்கார்ந்தான். மழித்து, சந்தனம் பூசி எழுந்தான். அடுத்து சாந்தினி உட்காரப் போனபோது ஷீலா நாவிதரிடம், “இவளுக்குப் பூமுடி போதும்ணே, நுனியில கொஞ்சம் வெட்டிடுங்க” என்றார்.

“ஏம்மா? வேண்டுனது ரெண்டு பேருக்கும்தானே?” என்று கேட்டாள் சாந்தினி.

“பொம்பளப் பிள்ளை மொட்டையோட ஸ்கூலுக்குப் போவியா? சாரு என்ன சொல்வாரோ!”

ரவியும் தலையாட்டினார். சாந்தினி அவர் பக்கம் திரும்பினாள்.

“யோகிக்குன்னா ஸ்கூலுக்கே போய்ப் பேசுனீங்க. எனக்கு யாருப்பா போய்ப் பேசுனா?”

அத்தனை நாள் கடை அதிரப் பேசிய மனிதருக்கு, மகளுக்காகவும் போய்ப் பேசவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அது அவரை நன்றாகச் சுட்டது. கைப்பேசியை எடுத்தார். உறுமிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு குணாளன் சாரைக் கூப்பிட்டார்.

“சார், பொண்ணுக்கும் மொட்டை. அப்படியேதான் ஸ்கூலுக்கு வரும்.”

“பொம்பளப் பிள்ளைக்கா? அப்படி யாரும் வந்ததில்லைங்களே. விதியில...”

“விதியில வேணாம்னு இருக்கா சார்?”

“வேணாம்னு... இல்ல. அப்படி ஒன்ன எழுதணும்னு யாருக்கும் தோணல.”

“எனக்கும்தான் தோணல சார்” என்றார் ரவி.

தலைமையாசிரியரிடம் கலந்து, யோசித்துச் சொல்வதாகக் குணாளன் சார் சொன்னார். ரவி திரும்பிப் பார்த்தபோது சாந்தினியின் பாதித் தலை வெள்ளையாக இருந்தது. “அப்பா பேசி முடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்கண்ணே” என்று அவளே நாவிதரை அவசரப்படுத்தியிருக்கிறாள். ஷீலா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

“சார் என்னப்பா சொன்னாரு?”

“யோசிச்சு சொல்றாராம்மா.”

மழித்த பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சாந்தினி சொன்னாள்:

“மெதுவா யோசிக்கச் சொல்லுங்க. வளர நாளாகும்.”