காப்புக் கையில் கத்தி

எழுபதுகளின் கடைசி. ஆடி மாதம், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், ஞாயிறு, பிற்பகல். இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை பொய்த்திருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளில் மேட்டிலிருந்த மேல் லயத்துக்காரர்கள், ஊற்றுத் தண்ணீர் வரும் பீலியை மண் போட்டு மறித்துவிட்டதால் கீழ் லயத்துக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை.

நாங்கள் மேல் லயம். மறித்தவர்களில் அப்பாவும் ஒருவர். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்ததோ கீழ் லயத்தில்.

கீழிருந்து ஆண்கள் ஏறி வந்தார்கள். கையில் கவ்வாத்துக் கத்திகள். தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் துண்டாக்குபவை. முன்னால் மச்சான், அக்காவின் கணவர். பின்னால் வெறுங்குடத்தோடு அக்கா ஓடி வந்தாள். அப்பாவும் தன் கத்தியை எடுத்துவந்தார். யார் விழுந்தாலும் இழவு அக்காவுக்குத்தான்.

"மண்ணை அள்ளுங்க மாமா."

"வந்துட்டாரு பட்டாளத்துக்காரரு! அள்ளாட்டி என்ன செய்வீங்க மாப்பிள்ள?"

மச்சான் கையை ஓங்கினார். அப்பாவின் பார்வை அவர் மணிக்கட்டில் நின்றது. மஞ்சள் கயிறு. அந்த ஆண்டு கரகம் எடுக்க விரதமிருந்தவர் மச்சான்தான். காப்புக் கட்டிய கை ரத்தம் சிந்தினால் இரண்டு லயத்துக்கும் திருவிழா இல்லை.

"ஐயையோ! காப்புக் கையிலயா கத்தி?"

அப்பா போட்ட சத்தத்தில் கூட்டம் நின்றது. மச்சான் தன் கையையே யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தார். கோபத்தில் மறந்தே போயிருக்கிறார். பிறகு கத்தியைத் திருப்பி, பிடியை அப்பா பக்கம் நீட்டினார். என்னால் நம்ப முடியவில்லை.

"நீங்களே வச்சிருங்க. பேசி முடிச்சிட்டுத் தாங்க."

"நாளைக்குப் பெரட்டுக்கு என்னத்தக் கொண்டு போவீங்க?"

"அதுக்குள்ள பேசிருவோம்."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கத்தியில்லாமல் போனால் மறுநாள் வேலை கிடையாது. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் பக்கத்து மாரியம்மன் கோயில் படியில் கத்தியை வைத்தார்கள். பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் போர்கள் தொடங்கிய தேதிகளை மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். தொடங்காமல் நின்ற ஒன்றை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பேச்சு சுமுகமாகப் போகவில்லை. "ஒங்க லயம் குளிக்க ஆறே பத்தாது" என்றார் ஒருவர். காலையில் மேல் லயம், மத்தியானத்துக்கு மேல் கீழ் லயம் என்பது சீக்கிரமே முடிவானது. மண்ணை யார் அள்ளுவது என்பதில்தான் இழுத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், அப்பா ஒரு கூடை, மச்சான் ஒரு கூடை என்று தீர்ந்தது.

தண்ணீர் கலங்கலாக இறங்கியது. அக்கா குடத்தை வைத்தாள்.

அப்பா மச்சானின் கத்தியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னா மாப்பிள்ள, இப்புடி மழுங்கிக் கெடக்கு? இதையா தூக்கிட்டு வந்தீங்க?"

தானே தீட்டிக் கொடுத்தார்.