குழாய்க்குள் இருந்த காற்று

போர்ட் பிளேர் டெலானிபூரில் ஷோபனாவின் கடைக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் பாதி தண்ணீர் பட்டுத்தான் வரும். கூரை ஒழுகியிருக்கும், ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும். ஒன்றுமே படாமல் வெறும் உப்புக்காற்றிலேயே உள்ளே பச்சை பூத்து வருவதும் உண்டு. பலகையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து எடுத்தால் பத்தில் ஆறேழு பிழைத்துக்கொள்ளும். அதனால் 2012 மார்ச்சில் சிவஞானம் வந்து, கேபினெட்டுக்குள்ளேயே தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டபோது, அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள்.

சிவஞானம் பஜாரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். மதுரைப் பக்கம் சொந்த ஊர். வெயில் ஏறினால் அவருடைய கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் பாதி வேலையில் அணைந்துவிடும். இன்டர்நெட்டில் எங்கோ பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து சாமான் வரவழைத்திருந்தார். ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியை அப்படியே அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஒரு ரேடியேட்டர், சின்ன பம்ப், தண்ணீர் நிற்கும் ஒரு டப்பா, பிராசஸர்மேல் உட்காரும் செம்புக்கட்டி, கண்ணாடி மாதிரி தெரிகிற டியூப்.

"அண்ணே, தண்ணி பட்டதைக் காயவெச்சுக் குடுக்கிறவ நான். என்னையே ஊத்தச் சொல்றீங்க."

"ஊத்த வேணாம்மா. டியூபுக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். காருக்கு ரேடியேட்டர் இல்லியா, அந்தச் சமாச்சாரம்தான். ஆனா கேபினெட்டுல இடமில்ல, மேல்தகட்டை வெட்டணும். கை நடுங்காம வெட்ட இந்த ஊர்ல உன்னை விட்டா ஆள் இல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சரி என்று சொல்லிவிட்டாள்.

ஷோபனாவும் அவள் மாமியார் ஒச்சம்மாவும் கச்சால் தீவிலிருந்து வந்தவர்கள். ஒச்சம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கச்சாலில் பால் எடுக்க ரப்பர் மரத்துக்குக் கத்தி பிடித்தவள். மகன் குணா அங்கே தண்ணீர் பம்ப் ஆபரேட்டர். கடலை ஒட்டிக் கீழே பம்ப் ஹவுஸ், மேட்டில் தொழிலாளர் வீட்டு வரிசை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குணா இல்லை. உடலும் கிடைக்கவில்லை. போர்ட் பிளேர் முகாமில் இருந்தபோது யாரோ நடத்திய ஆறு மாத கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்பில் ஷோபனா சேர்ந்தாள். தெற்குத் தீவுகளிலிருந்து மூழ்கிய மெஷின்கள் வந்தன. திறந்தால் உள்ளே கடல்மணல். அதைத் துலக்கித் துலக்கித்தான் தொழில் கற்றாள். பிறகு டெலானிபூரில் வாடகை வீடு, முன்னறையில் கடை.

இந்த ஏழு வருஷத்தில் அவளைப் பற்றி அக்கம்பக்கத்தார் கவனித்தது ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் விடுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் ஷோபனா வீட்டில் இருக்க மாட்டாள். பஜாருக்கோ ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கோ ஏதாவது வேலை வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். டிரம்மை நிரப்புவது ஒச்சம்மாதான். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் கொஞ்ச நேரம் வெறும் காற்றைக் கக்கும், அது அவளால் கேட்க முடியாத சத்தம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கேபினெட் வேலை பத்து நாள் பிடித்தது. ரேடியேட்டரைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தை மேல்தகட்டில் ஒட்டினாள். கோட்டை ஒட்டி வரிசையாக டிரில்லால் ஓட்டை போட்டு, ஹேக்ஸா பிளேடுக்கு ஒரு பக்கம் துணி சுற்றி, ஓட்டைக்கு ஓட்டை அறுத்தாள். அறுத்த விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருந்தது. அரத்தால் ராவி ராவி விரல் வைத்தால் கீறாத பதத்துக்குக் கொண்டுவந்தாள். வெட்டிய இடத்தில் இந்த ஊர்க் காற்றுக்கு ஒரே வாரத்தில் துரு ஏறும் என்று இரண்டு கை பிரைமர் அடித்தாள். சிடி டிரைவ் இருந்த கூட்டைப் பிடுங்கிவிட்டு பம்புக்கு இடம் செய்தாள். டியூப் நுழைகிற துளைகளுக்கு ரப்பர் வளையம் போட்டாள். தகடு அறுபடும் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. அந்தப் பத்து நாளும் மனசு கொஞ்சம் லேசாகவே இருந்தது.

ஒழுகுமோ என்ற ஒரே பயம்தான். ஒழுகாமல் இருக்க என்னவெல்லாம் செய்யலாம் என்றுதான் யோசித்தாளே தவிர, வேறொன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை டப்பாவில் ஊற்றினாள். மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்தாள். மற்ற எதற்கும் கரண்ட் போகாமல் பம்பை மட்டும் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பவர் சப்ளையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்து ஸ்விட்சைப் போட்டாள்.

டப்பாவில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. டியூபுக்குள் இருந்த காற்று பம்பில் மாட்டிக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்தது. களக். களக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி களக். தொண்டை அடைத்துக்கொண்ட ஒருத்தர் பேசப் பார்க்கிற மாதிரி.

ஷோபனா ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினாள். கை போகவில்லை. கச்சாலில் பூமி ஆடி நின்று, எல்லாரும் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, முற்றத்துக் குழாய் இப்படித்தான் கத்தியது. தண்ணீர்க் குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது என்று நினைத்தாள். குணாவுக்கு அன்று லீவு. அப்போதுதான் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் நின்றிருந்தான். "தண்ணியெல்லாம் வீணாப் போவுது, கீழ போய் வால்வை மூடிட்டு வாங்களேன்" என்று அவள்தான் சொன்னாள். முகாமில், ஆபீஸில், இறப்புச் சர்டிபிகேட் எழுதுகிறவரிடம், எல்லாரிடமும் "டூட்டிக்குப் போனாரு" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

பின்கட்டிலிருந்து ஒச்சம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் மாவு.

"அன்னிக்கு முத்தத்துக் குழாய்ல வந்த சத்தம்" என்றாள்.

ஷோபனா திரும்பவில்லை. "உங்களுக்கு நெனப்பிருக்கா மாமி?"

"நீ அவன்கிட்ட சொன்னதும் நெனப்பிருக்கு புள்ள. வால்வை மூடிட்டு வாங்கன்னே. நான் வாசப்படியிலதானே நின்னேன்."

பம்ப் கத்திக்கொண்டே இருந்தது. டூட்டிக்குப் போனார் என்று அவள் ஒவ்வொரு ஆபீஸிலும் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டியவள் இந்த ஒச்சம்மா.

"ஏழு வருஷமா ஏன் மாமி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? நீயும் கெளம்பிப் போயிட்டா நான் எங்க போவேன்?"

ஷோபனா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் சொல்லாம இருந்தா அவரு போயிருக்க மாட்டாரு."

ஒச்சம்மா மாவுக் கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போயிருக்க மாட்டான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "லீவு நாளு. அவனை நகத்துறதே பெரும்பாடு. எப்பிடியும் போயிருப்பான்னு உனக்குச் சொல்லலாம்னு எத்தினியோ தரம் நெனச்சேன். வாய் வரல. ஆனா நீ தெரிஞ்சு அனுப்பல. அதும் எனக்குத் தெரியும்."

ஷோபனா அழுதாளா என்று கேட்டால், அழவில்லை. மாமி சொன்னதை மனசுக்குள் ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே புரியவில்லை.

"இது இப்பிடியேதான் கத்துமா?" என்று ஒச்சம்மா கேட்டாள்.

"உள்ள இருக்கிற காத்து வெளிய போற வரைக்கும் கத்தும்."

"அப்ப போக வை. கேக்க முடியல."

கேபினெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தால் காற்று மேலேறி டப்பாவுக்கு வந்துவிடும். ஒரு ஆளால் தூக்குகிற கனம் இல்லை. ஒச்சம்மா எதிர்ப்பக்கம் வந்து பிடித்தாள். இரண்டு பேருமாகச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்தார்கள். குமிழி ஒவ்வொன்றாக டியூப் வழியே ஏறி வந்து உடைந்தது. ஷோபனா நடுநடுவே தண்ணீர் ஊற்றினாள். அரைமணி நேரத்தில் சத்தம் இளைத்து, கடைசியில் மோட்டாரின் உறுமல் மட்டும் மிஞ்சியது. ஒச்சம்மா கேபினெட்டை விட்டுவிட்டு, ரொட்டி கருகும் என்று உள்ளே போனாள்.

சாயங்காலம் பார்த்தபோது ஒரு டிஷ்யூ மட்டும் நனைந்திருந்தது. ரேடியேட்டர் மூட்டில் கிளாம்ப் இறுக்கம் போதவில்லை. திருகி இறுக்கிவிட்டு இன்னும் ஒருநாள் ஓட்டினாள். அதன்பிறகு ஒரு சொட்டு இல்லை. சிவஞானம் ஒரு ஆளோடு வந்து மெஷினைத் தூக்கிப்போனார். ஏப்ரல், மே முழுக்க அது ஒருதரம்கூட அணையவில்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். வங்காளி ஒருவர் கடைக்கு வந்து "பானிவாலா கம்ப்யூட்டர் யஹீன் பன்தா ஹை க்யா?" என்று, தண்ணீர்க் கம்ப்யூட்டர் செய்கிற கடை இதுதானா என்று இந்தியில் விசாரித்தார். அவருக்கும் ஒன்று செய்துகொடுத்தாள். அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க மனசில்லாமல், மூன்றாவதாகக் கேட்டவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் ஒன்று மாறியது. அதுவரை இரண்டு பேரும் குணா பெயரை எடுக்காமலே குடும்பம் நடத்தியவர்கள். இப்போது ஒச்சம்மா எடுக்க ஆரம்பித்தாள். நேரம் காலம் கிடையாது. ரேஷன் வரிசையில் நிற்கும்போது சொல்வாள், துணி உதறும்போது சொல்வாள். குணா நடக்கப் பழகியது, குணா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, குணாவுக்கு அம்மை போட்டது. இதெல்லாம் தன்னோடு பங்குபோட்டுக்கொள்வதற்கா, இல்லை தனக்குக் கொடுக்கிற தண்டனையா என்று ஷோபனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த கையைப் பிடித்தபடி வைத்துக்கொண்டு, கதை முடிகிற வரைக்கும் கேட்பாள்.

ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மா திடீரென்று சொன்னாள்: "பல்லியைக் கண்டா ஓடுவான். பதினஞ்சு வயசு வரைக்கும் ஓடினான்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் ஷோபனா மாமியின் முகத்தைப் பார்த்தாள். மாமி வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.