பெயர் நீண்டதால் வராத படம்

ஒரு மனிதரை முழுதாகச் சொல்ல எவ்வளவு இடம் வேண்டும்? கானா நாட்டுக் குமாசி நகரில் இறுதிச் சடங்குச் சுவரொட்டி செய்யும் செர்வாவின் பிழைப்பே இந்தக் கேள்வியில்தான் ஓடியது. அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். பொறுமைசாலி.

அத்தா பொக்குவா என்ற முதியவள் செர்வாவின் கடைக் கணினியில்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவாள். பிறகு மறுபடி பார்க்கக் கேட்பாள் என்று செர்வா திரையைப் பதிவு செய்து வைப்பாள். பொக்குவா இறந்ததும் அவள் தம்பி போவாட்டெங் கடைக்கு வந்தார். அக்கா சிரித்த முகம் அந்தப் பதிவில் மட்டும்தான் இருந்தது. மாலைக்குள் அது அச்சுக்குப் போகாவிட்டால், வாக்காளர் அட்டையில் முறைக்கும் முகம்தான் ஊரெல்லாம் ஒட்டப்படும்.

பதிவு நன்றாகவே ஓடியது. சிரிப்பில் நிறுத்திப் படமாகச் சேமித்தால், 'ஏற்றுமதி செய்ய முடியவில்லை' என்றது. வட்டில் இடம் இருந்தது. பட வகையை மாற்றினாள். மென்பொருளை மூடித் திறந்தாள். அதே பிழை.

"உன் பெட்டிக்கு எங்கக்கா மேல என்னம்மா கோவம்?"

"சும்மா இருங்க மாமா. உயிரோட இருந்தப்பவும் அவங்க லேசுல போட்டோவுக்கு நிக்கலையே."

வேறொருவரின் பதிவிலிருந்து படம் உடனே வந்தது. அப்படியானால் கோளாறு மென்பொருளில் இல்லை. இறந்தவர் பெயரை எங்கள் பக்கத்தில் சுருக்குவதில்லை. சாவுச் செய்தி வந்த அன்றே கோப்புறைக்கும் பதிவுக்கும் செர்வா முழுப் பெயரைச் சூட்டியிருந்தாள்: இரட்டையரில் ஒருத்தி என்பது, பட்டப்பெயர், ஊர், குலம், சபைப் பதவி. அதன் பின்னால் மென்பொருள் தேதியையும் ஒட்ட, கோப்புறைப் பெயர்களும் சேர்ந்த கோப்பின் முகவரி கணினி ஏற்கும் நீளத்தைத் தாண்டிவிட்டது.

"பேரைக் கொஞ்சம் குறைச்சா வந்துடும் மாமா. படம் எடுக்கிற வரைக்கும்தான்."

"எதைக் குறைப்ப? ஊரையா, குலத்தையா? ஒரு நிமிஷம்கூட வேணாம். நாளைக்கு நான் சாவு வீட்ல தலை காட்டணும்."

எல்லாக் கோப்புறைகளும் கடையின் பெயர் கொண்ட ஒன்றுக்குள் இருந்தன: 'கர்த்தரின் கிருபையால் செர்வா அச்சகமும் இறுதிச் சடங்குச் சேவைகளும்'. செர்வா அந்தக் கடைப் பெயரை அழித்து ஒரே ஓர் எழுத்தை விட்டுவைத்தாள். படம் வந்தது. போவாட்டெங் அக்காவின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

சடங்கு முடிந்த பிறகு செர்வாவின் தங்கை கேட்டாள்: "அதான் படம் எடுத்தாச்சே அக்கா, கடைப் பேரைத் திரும்ப வைக்கலாம்ல?"

செர்வா காகிதக் கட்டைப் பிரித்து அச்சுப்பொறியில் வைத்தாள். அதன்பின் இறந்தவர்கள் எல்லோரும் முழுப் பெயரோடு அந்த ஓரெழுத்துக் கோப்புறையின் கீழேதான் சேர்ந்தார்கள்.