எட்டு மில்லிமீட்டர்

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குப் பாலம் இன்னும் திறக்கப்படவில்லை. ஜார்ஜ் டவுனில் அறை எடுத்துத் தங்கி, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் வேலை பார்த்தேன். வேலை நிரந்தரமாக ஒரு வாரம்தான் பாக்கி. தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை.

அப்போது எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பிலிம் தாளில் கறுப்பு டேப்பை ஒட்டித்தான் மின்பாதைகளை அமைப்போம். துல்லியம் வேண்டுமென்று இரண்டு மடங்கு பெரிதாகச் செய்வோம். பிறகு கேமராவில் பாதியாகக் குறைப்பார்கள்.

கேசட் ரேடியோவுக்கான பவர் சப்ளை போர்டுதான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. வீட்டு மின்சாரம் வரும் பக்கத்துக்கும் ஆட்கள் தொடக்கூடிய பக்கத்துக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. மாதிரி போர்டுகள் வந்தன. உயர் மின்னழுத்தச் சோதனையிலும் பாஸ். எனக்குக் கால் தரையில் படவில்லை.

சோதனை மேசையில் ஒரு பெண் இருந்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பெர்ரி ஏறி வருபவள். ஓர் ஐஸ்கிரீம் குச்சியைச் சரியாக எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்து வைத்திருந்தாள். அதை என் போர்டின் அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, குச்சி உக்கார மாட்டேங்குது லா."

"டெஸ்ட்தான் பாஸ் ஆயிருச்சே, அப்புறம் என்னா குச்சி?" என்று எரிந்து விழுந்தேன்.

"புது போர்டு, இன்னிக்கு பாஸ் ஆவும். நம்ம ஊரு ஈரத்துல நாலு வருசம் தூசி ஏறுனா? கரண்டு தாண்டிச்சுன்னா, ரேடியோவ தொடுறவங்க கதி?"

விடுவேனா? பிலிமையே கொண்டுவந்து விரித்து, ஸ்கேலை வைத்தேன். "நல்லா பாரு, எட்டு!" பக்கத்து மேசைக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "பிலிமு ரெண்டு மடங்குதானே அண்ணே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிலிமில் பதினாறு வைத்திருக்க வேண்டும். நான் வைத்த எட்டு, போர்டில் நான்காகச் சுருங்கிவிட்டது. கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "டெஸ்ட் பாஸ்தானே, சும்மா விடு லா" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மாதிரியைப் பார்க்க வரும் வாடிக்கையாளர் குச்சி வைத்தா பார்க்கப் போகிறார்? வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம். சொன்னால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பெண் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூனிக்குறுகிப் போய் மேலாளரின் கதவைத் தட்டினேன். சீனரான அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, திருத்த எத்தனை நாள் ஆகும் என்றார். மூன்று நாள் என்றேன். அப்படியானால் இங்கே நின்று என்ன செய்கிறாய் என்று மலாயில் அதட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் தவணை கேட்கப் போனை எடுத்தார்.

மூன்றாம் நாள் புது பிலிமை முடித்தபோது அவள் வந்தாள். எட்டு மில்லிமீட்டர் குச்சிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். "போர்டுக்கு ஒத்தக் குச்சி, பிலிமுக்கு இது லா அண்ணே!" அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். சில நாளில் வேலையும் நிரந்தரமானது. அந்தச் சோதனை மேசையில் இருந்த எல்லாருக்கும் ஐஸ் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ரேடியோக்கள் எந்தெந்த வீடுகளுக்குப் போயினவோ, தெரியாது. யாரோ ஒருவர் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு பாட்டின் சத்தத்தைக் கூட்டியிருப்பார். ஒன்றும் ஆகாமல் அடுத்த பாட்டையும் கேட்டிருப்பார். முகம் தெரியாத அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், அத்தனை வருட உத்தியோகத்தில் அன்று அந்தக் கதவைத் தட்டியதுதான் நான் செய்த உருப்படியான வேலை என்று தோன்றுகிறது.