மண்ணீரல் இல்லாத என் கணவரை ஆண்டவர் திருப்பித் தந்தார்

என் கணவர் தேவராஜுக்கு மண்ணீரல் கிடையாது. சேற்றுழவின்போது டிராக்டர் கவிழ்ந்து வயிற்றில் அடிபட்டதில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் எச்சரித்தார்: "இனிமே இவருக்குக் காய்ச்சல்னா சாதாரணமா நினைக்காதீங்கம்மா. கிருமியைத் தடுக்குற சக்தி குறைஞ்சிடுச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

நாங்கள் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிறிய லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். தொண்ணூறுகளில், தண்ணீர் வராமல் குறுவைப் பயிர் கருகிய ஒரு வருடம், அவர் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டார். வேண்டாம் என்று அழுதேன்.

"இங்க இருந்து என்ன பண்றது கிரேஸ்? வாய்க்கால்ல தண்ணியா ஓடுது?" என்றார்.

அங்கே ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள் போட்டு அத்தனை பேர். ஜன்னலைத் திறப்பதே இல்லையாம். ஒருவர் இருமினால் எல்லோர் முகத்திலும் படும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பக்கத்துக் கட்டிலில் இருந்த திருக்காட்டுப்பள்ளி செல்வம் காய்ச்சலில் விழுந்தார். கழுத்து விறைத்துப் பிதற்றினார். வெயில் சூடு என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளே இறந்துபோனார். மூளையுறைக் காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்து என் கணவருக்குக் காய்ச்சல்.

எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. உடன் தங்கியிருந்த நாகூர் யூசுப் பாய் பேசினார். "தங்கச்சி, மச்சானை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். நினைவில்லம்மா. நீங்க உங்க சாமிகிட்ட கேளுங்க, நான் துவா செய்றேன்."

அந்த வீட்டுத் தரையிலேயே மண்டியிட்டேன். ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. "என்னால அங்க போக முடியாது ஆண்டவரே. அவர் பக்கத்துல ஒரு ஆளை வையும்." அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஈஸ்டர் வந்தது, போனது. அவர் கண் திறக்கவில்லை. வெள்ளைப் புடவை கட்டிய என்னையே கனவில் கண்டேன்.

பிறகு ஒருநாள் கண் திறந்தார்.

நடந்ததை யூசுப் பாய் பின்னால் சொன்னார். "வேலைக்குக் கிளம்பிட்டேம்மா. மண்ணீரல் இல்லன்னு மச்சான் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. பஸ்ல வச்ச காலைக் கீழ எடுத்துட்டேன்." டாக்சி பிடித்துக் கொண்டுபோய், முதல் வார்த்தையாக அதைத்தான் டாக்டரிடம் சொன்னாராம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள்.

நான் கேட்கும் முன்பே ஆண்டவர் ஆளை வைத்திருந்தார்!

உயிரோடு வந்தார். ஆனால் அந்தக் காய்ச்சலில் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. செல்வத்தின் மனைவியைப் பார்க்கப் போனேன். "எனக்கு ஏன்க்கா சாமி யாரையும் அனுப்பல?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது எங்கள் பக்கம் யார் வெளிநாடு கிளம்பினாலும், ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்பினாலும், போய்ச் சொல்கிறேன். நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் இந்த நோய் சீக்கிரம் தொற்றும். மண்ணீரல் இல்லாதவர்கள், காதில் சீழ் வடிகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் காத்திருக்காதீர்கள். ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் சத்தமாகப் பாடுகிறார். ராகம் இருக்காது. பாட்டு முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. அவர் முடிக்கும்வரை சபையார் உட்காராமல் நிற்கிறார்கள். துக்கத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் வந்து எங்களோடு நில்லுங்கள்.