நான் போட்ட மிளகாய்

என் வீட்டுக்காரர் கோபால்சாமியை மலைமேல் இருக்கிற எங்கள் புதூர்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாகத் திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறார். பஸ் இல்லாத நேரத்தில் பிரசவ வலி எடுத்தவர்களையும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளையும் அவர்தான் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பார். வாய் ஓயாது. வண்டியில் இருக்கிற பத்துப் பேரையும் சிரிக்க வைத்துக்கொண்டே மலைப்பாதை வளைவுகளில் வண்டியை ஒடிப்பார். நான் அவருக்கு நேர் எதிர். ரேஷன் கடையில்கூட என் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும்.

நாலு வருடமாக அவருக்கு மூக்கில் சதை வளர்ந்திருந்தது. அப்போது அது தெரியாது. சளி என்றே நினைத்தோம். படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

போன தை மாதம் ஒரு ஏற்றத்தில் ஜீப்பின் கிளச் தீய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் முதலில் நாற்றம் தெரிந்தது. வண்டி நிறைய ஆட்கள். வாய் திறக்கக் கூச்சம். யாராவது சொல்வார்கள் என்று பேசாமல் இருந்தேன். உள்ளே புகை வந்த பிறகு, முன்னால் இருந்த சின்னராஜ் கத்தினான்.

“யோவ் கோபாலு, இன்னாய்யா, மூக்க வூட்ல கழட்டி வெச்சிட்டு வந்துட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் இறங்கியதும் வண்டிக்கு அடியில் குனிந்து, மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தார். அடுத்த வாரமே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மருத்துவர் வயதில் சின்னப் பெண். ஸ்கேன் படத்தைக் காட்டி, இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி சதை அடைத்திருக்கிறது, மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்றார்.

“மூச்சு வந்துரும். வாசனை வர்றதை மட்டும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படிப் பாத்துக்கறீங்கன்றதுலயும் இருக்கு.”

என் வீட்டுக்காரருக்கு வேண்டியது வாசனைதான். “டீசல் ஒழுவுறதுகூட தெரியலன்னா எவன் என்ன நம்பி வண்டில ஏறுவான்?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. பீடியை விடச் சொல்லியிருந்தார்கள். பதினெட்டு வயதில் பிடித்த பழக்கம். அன்றைக்கே கட்டோடு அடுப்பில் போட்டார். கொடுத்த மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. கடையில் வாங்கும் தலைவலி மாத்திரை போட்டால் ரத்தம் நிற்காது என்று சொன்னதால், வலியைப் பொறுத்துக்கொண்டு தலையில் துண்டைக் கட்டி உட்கார்ந்திருப்பார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது இரண்டு மூக்கிலும் துணி அடைத்திருந்தது. வாயால் மூச்சு விட்டுவிட்டு உதடு வெடித்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். பேசாத கோபால்சாமியைக் கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் பார்த்தேன். மறுநாள் துணியை உருவினார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறம் மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார்.

“சில்லுனு போவுது, சசி” என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தூசி, புகை, நெடி ஆகாது. நான் ஏழாவதோடு நின்றவள்தான். ஆனாலும் அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். வந்ததும் அடுப்பை வீட்டுக்குப் பின்னால் மாற்றினேன்.

அன்று ஊரே பார்க்க வந்தது. பக்கத்து வீட்டு முத்தம்மாள் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“இன்னாடா கோபாலு, மூஞ்சி பளபளன்னு கீது? ஆஸ்பத்திரிக்குப் போனியா, மாமியார் வூட்டு விருந்துக்குப் போனியா?” போகும்போது என் காதில், “அடியே, எத்தினி கண்ணு பட்டிருக்கும்! சுத்திப் போடுடி” என்றாள்.

உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போடுவது எங்கள் வழக்கம். நெடி வந்தால் திருஷ்டி இல்லை. வராவிட்டால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய். தாளில் இருந்தது எனக்குத் தெரியும். அவரும் கேட்டார்: “நெடி ஆவாதுன்னு நீதான படிச்ச?”

“வெளிய தாங்க போடறேன். மூணே மொளகா.”

அவருக்குச் சுற்றிவிட்டு, பின்னால் அடுப்புப் பக்கம் வந்து கதவைச் சாத்தினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். மிளகாயைப் போட்டேன். நெடியே வரவில்லை. இவ்வளவு கண்ணா என்று இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். அப்போது காற்று திரும்பியது.

உள்ளே தும்மல் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. பழக்க தோஷத்தில் துண்டால் மூக்கை அழுத்திக்கொண்டு தும்மியிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது துண்டு சிவந்திருந்தது.

தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றது. காலையில் வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார்: “மூட்ட தூக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ கம்முனு இரு.”

நான் தலையாட்டினேன். மனதுக்குள் அப்பாடா என்று இருந்தது. மிளகாய் போட்டதைவிட அந்த அப்பாடாதான் எனக்கு இன்றைக்கும் பெரிய உறுத்தல்.

“மூட்டையா?” மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தனை தடவை சொன்னேன்? இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது எதுக்கு?”

ஒரு பீடி தொடாத மனிதர், ஒரு மாத்திரை தவறாத மனிதர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திட்டு வாங்கினார். மருத்துவர் மூக்குக்குள் விளக்கு விட்டுப் பார்த்து, “பாரம் தூக்கினா இப்படிச் செவக்காதே” என்று முணுமுணுத்தார்.

“மொளகாங்க” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாந்தாங்க. சுத்திப் போட்டேன். அவரு எதையும் தூக்கலிங்க.”

மருத்துவர் சிரிக்கவில்லை. எத்தனை மிளகாய், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். வெகுநேரம் கழுவினார். மருந்தை மாற்றினார்.

“வாசன வருங்களா?” அதையும் நானே கேட்டேன்.

“பாப்போம்மா. எல்லாத்தையும் சரியாச் செஞ்சும் சிலருக்கு வராது.”

வெளியே வந்ததும் அவர், “ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்ல வுட மாட்டியா?” என்றார். கொஞ்ச தூரம் நடந்து, “நீ டாக்டராண்ட பேசினன்னு சொன்னா சின்னராஜ் நம்ப மாட்டான்” என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்போது பாயில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறார். வண்டியும் ஓட்டுகிறார். வாசனை மட்டும் தெரியவில்லை. தானாகவே வராமல் போனதா, என் மிளகாயால் போனதா என்று யாரும் எனக்குச் சொல்ல முடியாது. அவர் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும்.

நேற்றுக் காலையில் அவர் ஜீப்பை எடுக்கிற நேரத்தில் கருவாட்டு வண்டி வந்து போனது. நான் எதுவும் வாங்கவில்லை. மத்தியானம் அவர் ஜீப்பை நிறுத்திவிட்டு வாசலில் நின்றே மூச்சை நன்றாக இழுத்தார்.

“இன்னா சசி, கருவாட்டுக் கொழம்பா? ஜம்முனு வருதே!”

பின்னால் அடுப்பில் அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“ஆமாங்க. கால் கழுவிட்டு வாங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்” என்று குரல் கொடுத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, நாலு துண்டு கருவாடு கேட்டு வாங்க முத்தம்மாள் வீட்டுக்கு ஓடினேன்.