வலது பக்கம் ஏறிய வெளிச்சம்

பிச்சாட்டூர் ஏரிக்கரை ரோடு. மார்கழி மாதம், காலை ஆறு மணி. ஒரு மனிதர் முள்ளுப் புதருக்குள் விழுந்து கிடக்கிறார். அவருடைய மொபெட்டின் பின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானோ எங்கள் காரின் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்!

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது அந்த நொடியில்தான்.

பனிமூட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற நாட்களில் வெளிச்சம் எதன் மேல் விழுகிறதோ, அதுதான் நமக்குத் தெரியும். பனியில் வெளிச்சமே தெரியும். பலகையை அறுத்து நிறுத்தின மாதிரி அதன் விளிம்பெல்லாம் தெரியும். எங்கள் அம்பாசிடரிலிருந்து போன வெளிச்சம் இடது பக்கம் தட்டையாகக் கிடந்தது. வலது பக்கம் மட்டும்… மேலே, மேலே என்று ஏறிக்கொண்டே போனது. இத்தனைக்கும் லைட் டிம்மில் இருந்தது.

வலது பக்கம் யார் இருப்பார்கள்? நம் ஊரில், எதிரே வருகிறவர்.

"இன்னாணா லைட்டு இது… கண்ணு அவிஞ்சி பூட்ச்சி!" புதருக்குள்ளிருந்து குரல்.

குரலை வைத்தே என் அப்பாவுக்கு – எங்கள் பக்கம் நைனா என்போம் – ஆள் தெரிந்துவிட்டது. "யாரு, துளசியா?"

துளசிதான். நகரியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பவர்லூம் ஓட்டுகிறவர்.

"டிம்முலதானடா வந்துகினு இருந்தேன்! காலங்காத்தால ஊத்திக்கினு வந்தியா?"

"சாமி சத்தியமா இல்லணா. டீ கூட குடிக்கல. கால அசைக்க முடியல, வந்து தூக்கு மொதல்ல."

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. புத்தூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். இரண்டு மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. நாலு தறிக்கு நடுவே நாள் பூரா நடந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை அவருடையது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தறியை ஓட்டுவார்?

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நைனாவும் ஒரு காலத்தில் தறி வைத்திருந்தவர்தான். ஆர்டர் நின்றது. தறிகள் இரும்பு விலைக்குப் போயின. மிச்சம் இருந்தது இந்தக் கார். எனக்கு அது அண்ணன் – என் அண்ணனுக்கும் அது அண்ணன். நாங்கள் இருவருமே பிறப்பதற்கு முன்பு வாங்கின வண்டி. தறி போன பிறகு நைனா அதை வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். திருமலை, திருப்பதி ஸ்டேஷன், அப்புறம் சென்னை ஏர்போர்ட்.

முக்கியமாக ஏர்போர்ட். எங்கள் ஊரிலிருந்து துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் போன பையன்களில் பாதிப் பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் நைனாதான். போகும்போது வண்டி கொள்ளாத ஆள். டிக்கியில் பெட்டி, மடியில் ஊறுகாய் டப்பா. வரும்போது அழுது முடித்த அம்மாக்கள், அப்பாக்கள் மட்டும். அப்படிப் போனவர்களில் ஒருத்தன் என் அண்ணன். கம்ப்யூட்டர் வேலை.

இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை வந்தான். பெட்டியைத் திறந்தான். இரண்டு துண்டுகளுக்குள் குழந்தை மாதிரி சுற்றி வைத்திருந்தது… இரண்டு ஹெட்லைட்! கண்ணாடி, ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்பு, வயர் எல்லாம் சேர்த்து. ஏழு அங்குல வட்டம். எங்கள் அம்பாசிடரில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நைனா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பழைய லைட்டை அன்றைக்கே இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டார். அவருக்கு அவ்வளவு அவசரம்.

அது மூன்று மார்கழிக்கு முன்னால். அண்ணன் திரும்பிப் போனான். அப்புறம் வரவே இல்லை.

லைட் மாட்டிய நாளிலிருந்து ரோட்டில் ஒரு அதிசயம் நடந்தது. எதிரே வருகிற லாரி, பஸ், ஜீப் – எல்லாரும் எங்களைப் பார்த்து லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஒருமுறை இல்லை, மூன்று நான்கு முறை.

"பாத்தியா பாப்பா? அமெரிக்கா லைட்டுன்னு எப்டியோ கண்டுபுடிச்சிடறான். சலாம் போட்டுக்கினு போறான் பாரு!"

பாப்பா என்பது நான்தான். எலெக்ட்ரிகல் படித்த பாப்பா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஆமா நைனா" என்று நானும் பெருமைப்பட்டேன். என் படிப்பு எந்த மூலையில் தூங்கிக்கொண்டிருந்ததோ!

அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். அதனால் அங்கே ஹெட்லைட்டின் டிம் வெளிச்சத்தை வலது ஓரம் தூக்கலாக அமைப்பார்கள். ஓரத்தில் நடக்கிறவர்கள் தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும். அதே லைட்டை இங்கே கொண்டுவந்து மாட்டினால்? நேராக எதிரே வருகிறவர் முகத்தில். அங்கே அதை விற்ற கடைக்காரர் மேல் தப்பில்லை. அண்ணன் மேலும் தப்பில்லை. அளவு பார்த்தான், வாங்கினான்.

துளசியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"நைனா, அந்த லைட்ட கழட்டிடலாமா?"

"ஏன்?"

"அது நம்ம ரோட்டுக்கு ஒத்து வராது போலகீது…"

"அவன் சமுத்திரம் தாண்டி எடுத்தாந்தான். நீ ஒத்து வராதுன்றியா? துளசிக்கு ஓட்டத் தெரில. சரே, போய் துன்னு போ."

பேச்சு முடிந்தது. காரணத்தை முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் துளசியின் கால் எங்கள் கணக்கில் வந்துவிடும். அதுவும் அண்ணன் வாங்கித் தந்த பொருளால்.

சரி, கழற்றாமல் என்ன செய்யலாம்? அப்போதுதான் ஃபாக் லைட் கண்ணில் பட்டது. பம்பரில் இரண்டு மஞ்சள் கண்ணாடி, பல வருஷமாக இருப்பது. எந்தப் புண்ணியவானோ அதன் வயரை பிரைட்டோடு சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். பிரைட் போட்டால்தான் எரியும். பனியில் பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம் போட்டால் ஃபாக் லைட் அணைந்துவிடும். அதாவது – பனியில் மட்டும் எரியாத பனி விளக்கு!

எங்கள் வண்டியில் டிம், பிரைட் மாற்றுவது காலால். கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பொத்தான். ஒரு மிதிக்கு பிரைட், மறு மிதிக்கு டிம். அங்கிருந்து டிம்முக்குப் போகிற வயரை ஹெட்லைட்டிலிருந்து பிடுங்கி, ஃபாக் லைட்டுக்குக் கொடுத்துவிட்டால்? டிம் போட்டால் அமெரிக்கா லைட் அணையும், பம்பரில் மஞ்சள் லைட் எரியும். தாழ்வாக, அகலமாக, யார் கண்ணிலும் படாமல். பிரைட்டில் அண்ணன் லைட் வழக்கம்போல எரியும். அதை யாரும் கழற்ற வேண்டாம். மெதுவாகத்தான் போக முடியும் – நைனா என்றைக்கு நாற்பதைத் தாண்டினார்?

ஒரு ரிலே வாங்க – அதிகக் கரண்டைத் தாங்குகிற சின்ன சுவிட்ச் அது – சித்தூருக்கு பஸ் ஏறினேன். ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரிலேவா? எவரிக்கம்மா, யாருக்கு? மெக்கானிக் எங்க?"

"நான்தான் மெக்கானிக்."

"அப்டியா… ஃப்யூஸ் ஒண்ணு சேத்து வாங்கிக்கோ தல்லி. எரிச்சிட்டு மறுபடி பஸ் ஏறி வராத."

ஃப்யூஸ் வாங்கினேன். பானெட்டைத் திறந்து ஒரு பகல் முழுக்க வேலை. ரிலேவை ரேடியேட்டர் ஓரத்தில் முடுக்கி, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, சுவிட்சைப் போட்டால்… அகல் விளக்கு மாதிரி மினுக், மினுக். எர்த் வயரை பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன், கரண்ட் எப்படி ஓடும்! பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மறுபடி முடுக்கினேன். பளீர்.

"வெளிச்சம் ஏன் மஞ்சளா கீது?" என்று நைனா கேட்டார்.

"பனிக்கு மஞ்சதான் நல்லது நைனா. ஃபாக் லைட்ட ரிப்பேர் பண்ணிட்டேன்."

பொய் இல்லை. பாதி உண்மை. எனக்கோ ஒரே சந்தோஷம். யார் மனசும் நோகாமல் ஒரு வயரை மாற்றிப் போட்டுப் பிரச்னையை முடித்துவிட்டேன் அல்லவா?

பத்து நாள் போயிருக்கும். திருப்பதி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த நைனா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, பேட்டரி வீக்கா கீதா?"

"இல்லியே. ஏன் நைனா?"

"ஒருத்தன் கூட லைட்டு அடிக்கல. நானும் பத்து நாளா பாத்துக்கினு வரேன். போவும்போதும் இல்ல, வரும்போதும் இல்ல. நம்மள கண்டுக்கவே மாட்றான்."

இதற்கு மேல் எந்தப் பாதி உண்மையைச் சொல்வது?

பானெட் தூசியில் விரலால் இரண்டு கோடு போட்டேன். இது நம்ம ரோடு, இது அவங்க ரோடு. இது நம்ம வண்டி, இது எதிரில் வருகிறவன். எல்லாவற்றையும் சொன்னேன். நைனா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப… மூணு வருசமா அவங்கல்லாம்?"

"ஆமா நைனா."

"திட்டிக்கினுதான் போனாங்களா?"

நைனா உள்ளங்கையால் தூசியை அழித்தார். பிறகு, "துளசி?" என்றார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு துளசி வீட்டுக்குப் போனார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது துளசியின் மனைவி. இரண்டு ஷிஃப்டும் அவர்தானாம். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அறுந்த நூலை முடிச்சுப் போடக் குனிந்துவிட்டார்.

துளசி கட்டிலில் இருந்தபடியே கத்தினார். "வாணா, வா! சூரியனே வூட்டுக்கு வந்துட்சி! லைட்ட வெளிய வுட்டுட்டு வந்தியா, உள்ளயும் எடுத்தாந்தியா?"

நைனா சிரித்தார். சாத்துக்குடியைக் கட்டிலில் வைத்தார். கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று கேட்டார். அதையே இன்னொரு தடவை கேட்டார். எழுந்துகொண்டார்.

வண்டியைக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: "சொல்லணும்னுதான் போனேன்." ஒரு திருப்பம் தாண்டி, "சொன்னா, உம் பையன் எடுத்தாந்ததுதானேன்னு கேப்பான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் போன் பண்ணுவான். வாராவாரம் முதல் கேள்வி ஒன்றுதான் – லைட் எப்படி இருக்கு நைனா? அந்த ஞாயிறும் கேட்டான்.

"சூப்பரா கீதுப்பா! ரோட்ல எல்லாரும் கேக்கறான், எங்க வாங்கினதுன்னு… உன் வேல எப்டிப்பா கீது?"

ரிசீவரிலிருந்து வழிந்த அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது. "சூப்பர் நைனா."

"சரிப்பா."

"சரி நைனா. வெச்சிடட்டா?"

முடிந்தது. இரண்டு நிமிஷம் கூட இல்லை.

இப்போது எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அண்ணனுக்கு வேலை போய் மாசக்கணக்கு ஆகிறது. கம்பெனியையே மூடிவிட்டார்கள். நண்பன் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறான். எனக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் ஈமெயில் போட்டிருந்தான் – நைனாகிட்ட சொல்லாதே, உடைஞ்சி பூடுவாரு. நைனா சொல்கிறார் – அவன்கிட்ட லைட் விஷயத்த சொல்லாத, மனசு கஷ்டப்படுவான். இரண்டு பேருக்கும் நடுவில் நான். இரண்டு பக்கமும் சூப்பர்.

இதை எப்படி இங்கே தைரியமாக எழுதுகிறேன் என்கிறீர்களா? நைனாவும் அண்ணனும் தெலுங்கு மீடியம். தமிழில் பஸ் போர்டு கூடப் படிக்க வராது. வீட்டில் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டது நான் மட்டும்தான்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 'நல்லா இருக்கு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன கேட்பது? பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'ரிப்பேர்' என்று சொல்லிப் பாருங்கள் – என்ன ரிப்பேர், எப்போதிலிருந்து, யார் பார்த்தார்கள், கொஞ்சம் பொறு நான் கேட்டுச் சொல்கிறேன் என்று அரை மணி ஓடும். மூன்று வருஷமாக அப்பாவும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் நல்லபடியாக இருந்தே பேச்சைத் தொலைத்துவிட்டார்கள்.

யாராவது ஒருவர் முதலில் 'சரியில்ல' என்று சொல்ல வேண்டும். ஒரு ஹெட்லைட் சரியில்லை என்று இவர் ஆரம்பித்தால், அவனும் எதையாவது சொல்ல மாட்டானா?

நேற்று நைனாவிடம் கேட்டேன். "இந்த ஞாயித்துக்கெழம அண்ணன் கேட்டா, லைட்டு சரியில்லப்பான்னு சொல்றியா?"

"பாக்கலாம்" என்றார்.

நைனா 'பாக்கலாம்' என்றால் முக்கால்வாசி 'இல்லை' என்று அர்த்தம். மீதிக் கால்வாசிக்காக, ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்தில் நிற்கப் போகிறேன்.